ரிமோட் கண்ட்ரோல் கேட்டலினா நீர்விமானம்: பொருத்துவதும் பராமரிப்பதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே பேசப்போவது ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான இறக்கையோடு, ஃபோமில் வார்த்து, லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் ஓடும் இரட்டை மோட்டார் கேட்டலினாவைப் பற்றி. வேறு நீர்விமான மாடல் வைத்திருப்பவர்களுக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். உங்கள் பெட்டியோடு வந்த கையேட்டில் எண்கள் வேறாக இருந்தால் கையேட்டையே நம்புங்கள்.

எத்தனையோ நீர்விமானம் இருக்க, ஏன் கேட்டலினா?

நீர்விமானத்தில் இரண்டு வகை உண்டு. சாதாரண விமானத்தில் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு மிதவை மாட்டினால் ஒரு வகை. உடம்பே படகாக இருப்பது இன்னொரு வகை. பறக்கும் படகு என்பார்கள். கேட்டலினா இரண்டாவது வகை. இறக்கையும் மோட்டார்களும் உடம்புக்கு மேலே ஒரு தூணில் உயர்ந்து நிற்கும். அதனால் தெறிக்கும் தண்ணீர் ப்ரொப்பெல்லரில் படுவது குறைவு. மோட்டார் இரண்டு இருப்பதால் தண்ணீரில் திருப்புவதும் சுலபம்.

அசல் விமானத்துக்கு நம் பக்கத்தோடு பழைய உறவு உண்டு. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் கேட்டலினாக்கள் சென்னைக்கு அருகே செங்குன்றம் ஏரியில் இறங்கி ஏறின. இலங்கையில் கொக்கல ஏரி இன்னொரு தளம். அங்கிருந்து கிளம்பிய கேட்டலினா ஒன்றுதான் 1942 ஏப்ரல் 4 அன்று கொழும்பை நோக்கி வந்த ஜப்பானியக் கப்பல்படையைப் பார்த்து வயர்லெஸ்ஸில் எச்சரித்தது. கேட்டலினாவின் முதல் மாதிரி முதன்முதலில் பறந்தது 1935 மார்ச் 28. பிரான்சின் ஆன்றி ஃபாப்ர் இயந்திரம் வைத்த நீர்விமானத்தை உலகில் முதன்முதலாக எழுப்பியது 1910இல், அதுவும் மார்ச் 28. தற்செயல்தான், ஆனால் அந்தத் தேதியில் மாடலை ஏரிக்கு எடுத்துப் போக ஒரு சாக்கு கிடைக்கிறது.

முதல் ரிமோட் விமானமாகவே இதை வாங்கலாமா?

வேண்டாம். மேல்இறக்கை ட்ரெய்னர் (பழகுவதற்கான விமானம்) ஒன்றைத் தரையில் பத்திரமாக இறக்கப் பழகிய பிறகு வாங்குங்கள். தரையில் ஒரு தப்பு செய்தால் ப்ரொப்பெல்லர் உடையும். தண்ணீரில் அதே தப்புக்கு எலெக்ட்ரானிக்ஸ் மொத்தமும் குளிக்கும்.

பெட்டியைப் பிரித்ததும் எங்கிருந்து தொடங்குவது?

பசையைத் தொடாதீர்கள். முதலில் எல்லாப் பாகங்களையும் ஒட்டாமலேயே பொருத்திப் பாருங்கள். இறக்கைக்குள் போகும் கார்பன் குழாய் கடைசிவரை நுழைகிறதா, வால் இறக்கை கோணாமல் நிற்கிறதா என்று பின்னால் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். அப்புறம் விமானத்துக்குள் இருக்கும் ரிசீவரை இணைத்து, கையில் பிடிக்கும் ட்ரான்ஸ்மிட்டரில் ட்ரிம் (நடுநிலையைச் சற்றே நகர்த்தும் பொத்தான்கள்) எல்லாம் பூஜ்யத்தில் இருக்கும்போது, இறக்கை, வால் மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்களான சர்வோக்களை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அதற்குப் பிறகுதான் சர்வோ கையை மாட்ட வேண்டும்; அது, மடலோடு இணைக்கும் இழுகம்பிக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். கையை மாட்டிவிட்டுப் பிறகு ட்ரிம்மில் சரிசெய்து கொள்ளலாம் என்று விட்டால், ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அசையும்.

இழுகம்பிகள் சாதாரண இரும்பாக இருந்தால் இப்போதே துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றிவிடுங்கள். விமானத்தைப் பொருத்திய பிறகு அதை மாற்றுவது எரிச்சலான வேலை.

எந்தப் பசை?

இந்த மாடல்கள் பெரும்பாலும் ஈபிஓ என்ற வகை ஃபோமில் வருகின்றன. ஃபெவிக்குவிக் வகைப் பசை ஈபிஓவைக் கரைக்காது. ஆனால் அதே பசை தெர்மாகோலைத் தின்றுவிடும், ஆகவே ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுங்கள். எடை தாங்கும் இடங்களுக்கு, அதாவது வால், மோட்டார் மவுண்ட், இறக்கைத் தூண் ஆகியவற்றுக்கு, அரால்டைட் போன்ற எபாக்ஸி நல்லது. ஐந்து நிமிட எபாக்ஸி அவசரத்துக்கு உதவும். தண்ணீருக்கு அடியில் இருக்கப்போகும் இணைப்புக்கு மெதுவாக இறுகும் வகையைப் போட்டு ஒரு இரவு விடுங்கள். ஹாட் குளூ வேண்டவே வேண்டாம். மே மாத வெயிலில் மூடிய காருக்குள் அது இளகி, இணைப்பு மெல்ல நகர்ந்துவிடும்.

தண்ணீர் கசியாமல் அடைக்க சிலிக்கான் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடித்தால் அது அமில வகை. உலரும்போது வரும் ஆவி செம்பு வயர்களையும் சர்க்யூட் போர்டையும் அரிக்கும். ‘நியூட்ரல்’ என்று போட்டிருக்கும் டியூப்பைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு மோட்டார், இரண்டு ஈஎஸ்சி. வயரிங்கில் என்ன கவனிக்க வேண்டும்?

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி ஒவ்வொன்றும் ரிசீவருக்கு மின்சாரமும் கொடுக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் கொடுத்தால், மின்சாரம் கொடுக்கும் சர்க்யூட் ஸ்விட்சிங் வகையாக இருந்தால் குறிப்பாக, ஒன்றோடொன்று மோதும். கையேடு வேறு விதமாகச் சொல்லாவிட்டால், ஒரு ஈஎஸ்சியின் ப்ளக்கிலிருந்து சிவப்பு வயரின் பின்னை மட்டும் உருவி, டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள்.

அடுத்து, இரண்டு ஈஎஸ்சிக்கும் த்ராட்டிலின் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியின்) எல்லையை ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். இல்லாவிட்டால் ஒரு மோட்டார் முந்திச் சுழலத் தொடங்கி, விமானம் தண்ணீரில் வட்டமடிக்கும். ப்ரொப்பெல்லர்களைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் இந்த வேலையைச் செய்ய வேண்டும். இடமும் வலமும் எதிரெதிராகச் சுழலும் மாடல் என்றால் ப்ரொப்பெல்லர்களும் வேறு வேறு. எழுத்து அச்சிட்ட பக்கம் முன்னால் பார்க்க வேண்டும்.

ஹல்லின் (படகு போன்ற உடம்பின்) அடியில் நடுவே ஒரு படி இருக்கிறதே, எதற்கு?

நீர்விமானத்தின் சூட்சுமமே அதில்தான் இருக்கிறது. வளைந்த அடிப்பாகத்தின் மேல் தண்ணீர் வேகமாக ஓடும்போது அதை விடாமல் ஒட்டிக்கொண்டு கீழே இழுக்கும். ஒரு கரண்டியின் முதுகைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் கரண்டி தண்ணீருக்குள் இழுபடுமே, அதே சங்கதி. ஹல்லில் திடீரென ஒரு படி வெட்டியிருந்தால் தண்ணீர் அந்த விளிம்பில் அறுபட்டுப் போகும், பின்னால் காற்று புகுந்துகொள்ளும். பிறகு விமானம் முன்பாதியின் மேல் மட்டும் சறுக்கி வேகம் எடுக்கும். மூக்கைத் தூக்கவும் இடம் கிடைக்கும். புவியீர்ப்பு மையத்துக்குச் சற்றுப் பின்னால் படி இருப்பதும் அதனால்தான்.

இதில் பராமரிப்பு சமாச்சாரம் ஒன்று ஒளிந்திருக்கிறது. படியின் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக இருக்க வேண்டும். மணலில் இழுத்து இழுத்து அது மழுங்கிப் போகும். கீறல் படாமலிருக்கப் பலர் அடிப்பாகம் முழுக்க ஒளிபுகும் பேக்கிங் டேப் ஒட்டுவார்கள். நல்ல யோசனைதான், ஆனால் டேப்பைப் படியின் மேல் மடித்து ஒட்டினால் விளிம்பு உருண்டையாகிவிடும். விளிம்போடு டேப்பை பிளேடால் வெட்டிவிடுங்கள். ‘புதிதில் நன்றாக எழும்பியது, இப்போது தண்ணீரை விட்டு வரவே மாட்டேன் என்கிறது’ என்று ஒருவர் சொன்னால், மோட்டாரைச் சந்தேகிக்கும் முன் படியின் மேல் விரலை ஓட்டிப் பார்க்கச் சொல்வேன்.

முழுக்க வாட்டர்ப்ரூஃப் செய்ய முடியுமா?

முடியாது. முடியும் என்று நினைத்து அடைக்கிற விமானம்தான் முதலில் வீணாகும். தண்ணீர் கட்டாயம் உள்ளே வரும். எங்கே வரும், எங்கே தேங்கும், எப்படி வெளியேறும் என்பதை நீங்கள் தீர்மானித்து வைக்க வேண்டும்.

எவ்வளவு தண்ணீர் ஆபத்து? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விமானம் 1600 கிராம். உள்ளே 100 மில்லி, அதாவது அரை டம்ளர், கசிந்துவிட்டது. மூக்கைத் தூக்கி மேலேறும்போது அது அத்தனையும் வாலுக்கு ஓடும். புவியீர்ப்பு மையத்திலிருந்து 60 சென்டிமீட்டர் பின்னால் 100 கிராம் போய்ச் சேர்ந்தால், மொத்த விமானத்தின் மையம் 3.5 சென்டிமீட்டர் பின்னுக்குப் போய்விடும். இந்த அளவு விமானம் ஒரு சென்டிமீட்டர் போனாலே தடுமாறும். டேக்ஆஃப் ஆனதும் மூக்கு வானத்தைப் பார்த்து நின்று, அப்படியே புரண்டு விழுகிற நீர்விமானங்களைத் திறந்து பாருங்கள், வால்பக்கம் தண்ணீர் இருக்கும்.

ஆகவே உள்ளே, படிக்கு நேர் மேலே, ஹல்லின் குறுக்கே ஃபோம் தடுப்பு ஒன்றை ஒட்டிவிடுங்கள். வயர் போகும் ஓட்டையைத் தரையோடு வைக்காமல் உயரத்தில் வையுங்கள். தடுப்புக்கு முன்னால் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் துண்டு. வாலின் கடைசியில் ஒரு வடிகால் ஓட்டை, அதற்கு ரப்பர் அடைப்பான். ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் அடைப்பானைப் பிடுங்கி வாலைத் தாழ்த்திப் பிடியுங்கள். எவ்வளவு சொட்டுகிறது என்பதே உங்கள் விமானத்தின் உடல்நிலை அறிக்கை.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க, உள்ளே டிஷ்யூ பேப்பரைப் பரப்பி, தண்ணீர்த் தொட்டியில் பத்து நிமிடம் கையால் அழுத்திப் பிடியுங்கள். எந்த இடத்துப் பேப்பர் நனைந்திருக்கிறதோ அங்கே கோளாறு. பெரும்பாலும் இரண்டு பாதி ஹல் சேரும் அடிக்கோடு, சக்கரம் மாட்டும் குழி, இழுகம்பி வெளியே வரும் துளை, இவை மூன்றில் ஒன்றாக இருக்கும். பேட்டரி மூடியைச் சுற்றி மெல்லிய ஸ்பாஞ்ச் டேப் ஒட்டி, பறக்கும் முன் மேலே இன்சுலேஷன் டேப் ஒரு சுற்று போடுங்கள். அழகாக இருக்காது. ஆனால் வேலை செய்யும்.

இன்னொன்று. வெயிலில் காயும் விமானத்துக்குள் காற்று சூடாகி விரிந்திருக்கும். மூடியை இறுக்கி அடைத்துவிட்டுக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால், காற்று சுருங்கி, மெல்லிய கீறல் வழியாகக்கூடத் தண்ணீரை உறிஞ்சும். கரையில் மூடியைத் திறந்தே வைத்திருந்து, தண்ணீரில் விடும் முன் மூடுங்கள்.

ரிசீவரையும் சர்வோவையும் எப்படிக் காப்பது?

ரிசீவரை ஹல்லின் தரையில் வைக்காமல் கூரையில் ஒட்டுங்கள், பாதி வேலை முடிந்தது. பலூனுக்குள் போட்டுக் கட்டுவது பழைய வழக்கம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உள்ளே வியர்த்த ஈரம் வெளியேற வழியில்லாமல் போர்டிலேயே தங்கிவிடும். கன்ஃபார்மல் கோட்டிங் என்று எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் திரவத்தை போர்டில் மெல்லிசாகப் பூசுவது மேல். ப்ளக் செருகும் பின்கள், பொத்தான்கள் ஆகியவற்றில் பட்டுவிடக் கூடாது. சர்வோவில் தண்ணீர் நுழைவது பெரும்பாலும் சுழலும் தண்டு வழியாக. கையைக் கழற்றி அங்கே கொஞ்சம் கிரீஸ் வைத்து மறுபடி மாட்டுங்கள்.

ரிமோட்டின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீரை ஊடுருவாது. ஆண்டெனா மூழ்கினால் தொடர்பு அறுந்துவிடும். அப்போது மோட்டார் தானாக நிற்கும்படி ஃபெயில்சேஃப் வைத்து, ப்ரொப்பெல்லர் இல்லாமல் ட்ரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதியுங்கள்.

சிஜி (புவியீர்ப்பு மையம்) எப்போது பார்க்க வேண்டும்?

பேட்டரியோடு, டேப் ஒட்டிய பிறகு, உள்ளே உலர்ந்த நிலையில். நீங்கள் சேர்த்த சிலிக்கான், கிரீஸ், ஃபோம் தடுப்பு எல்லாவற்றுக்கும் எடை உண்டு. கையேட்டில் உள்ள இடத்தில் இரு விரலால் தாங்கினால் மூக்கு லேசாகத் தாழ வேண்டும்.

இறக்கை நுனியில் இருக்கும் குட்டி மிதவைகள் இரண்டும் தண்ணீரைத் தொட வேண்டுமா?

இல்லை. விமானம் நேராக நின்றால் இரண்டும் தண்ணீருக்கு ஒட்டி, தொடாமல் இருக்க வேண்டும். சும்மா நிற்கும்போது ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்து ஒன்று உட்கார்ந்திருக்கும், அது சரி. இரண்டும் அழுந்தியிருந்தால் வேகம் எடுக்காது. அசல் கேட்டலினாவில் இவை மேலே மடங்கி இறக்கை நுனியாகிவிடும். மாடலில் மடக்கும் வசதி இருந்தால், ஒன்று மடங்கி மற்றது மடங்காமல் நிற்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கரையிலேயே பாருங்கள்.

டேக்ஆஃப் ஓட்டத்தில் விமானம் டால்ஃபின் மாதிரி எம்பி எம்பிக் குதிக்கிறது. ஏன்?

மூக்கு ஏறி இறங்கும் இந்த ஆட்டம் தொடங்கிவிட்டால் எலிவேட்டரால் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடல்) துரத்திப் பிடிக்கப் பார்க்காதீர்கள். உங்கள் கை எப்போதும் அரை நொடி பின்தங்கி, ஆட்டத்தைக் கூட்டவே செய்யும். த்ராட்டிலைக் குறைத்து, உட்கார விட்டு, மறுபடி தொடங்குங்கள். காரணம் பெரும்பாலும் எடை பின்னால் இருப்பது (வாலில் தண்ணீர்!), அல்லது எலிவேட்டரை ஓட்டம் முழுக்க இழுத்துப் பிடித்திருப்பது.

சரியான வரிசை இது: காற்றைப் பார்த்துத் திருப்புங்கள். தொடக்கத்தில் எலிவேட்டரை நன்றாக இழுத்து, த்ராட்டிலை மெதுவாக ஏற்றுங்கள். விமானம் தண்ணீரைத் தள்ளும் நிலை போய்ப் படியின் மேல் ஏறிச் சறுக்கத் தொடங்கும். சத்தமும் அலையும் மாறுவது கண்ணுக்கும் காதுக்கும் தெரியும். அப்போது எலிவேட்டரைத் தளர்த்துங்கள். வேகம் சேர்ந்ததும் லேசாக இழுத்தால் போதும். கேட்டலினாவில் ஒரு குணம் உண்டு: மோட்டார்கள் உயரத்தில் இருப்பதால், த்ராட்டிலைச் சடக்கென ஏற்றினால் மூக்கு தண்ணீருக்குள் அமுங்கும். பறக்கும்போது சடக்கென மூடினால் மூக்கு தூக்கும். எதையும் மெதுவாகச் செய்தால் அது பரம சாது.

இறங்கும்போது?

கொஞ்சம் த்ராட்டில் வைத்துக்கொண்டே, தாழ்வான சரிவில், இறக்கை சமமாக வாருங்கள். நுனி மிதவை முதலில் தண்ணீரில் மாட்டினால் விமானம் சுழன்று திரும்பிவிடும். பக்கக் காற்றில் இறங்குவது நிலத்தில் சாகசம்; தண்ணீரில் அது வீண் செலவு. ஏரிக்கு எந்தத் திசையும் ஓடுபாதைதான், காற்றுக்கு எதிராகவே இறங்குங்கள். கண்ணாடி மாதிரி அசையாத தண்ணீரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். உயரம் தெரியாது, எழும்பும்போதும் ஒட்டிக்கொள்ளும். லேசாகச் சிற்றலை ஓடும் காலை வேளைதான் நல்லது.

தண்ணீரில் திருப்ப வரவில்லையே?

ட்ரான்ஸ்மிட்டரில் ரடரோடு (இடவலம் திருப்பும் வால் மடல்) இரண்டு மோட்டார்களையும் கலந்து, ரடர் தள்ளும் பக்கத்து மோட்டார் மெதுவாக ஓடும்படி மிக்ஸ் போடுங்கள். ஒரு ஸ்விட்சில் வைத்து, எழும்பும் முன் அணைத்துவிடுங்கள்.

பறந்து முடிந்த பிறகு என்ன செய்ய வேண்டும்?

பேட்டரியைக் கழற்றி, வடிகாலைத் திறந்து, எல்லா மூடிகளையும் எடுத்து, நிழலில் காற்றோட்டமாக வையுங்கள். வீட்டில் ஃபேனுக்கு அடியில் ஒரு இரவு. ஈரத்தோடு பையில் போட்டு மூடுவதுதான் சர்வோக்களைக் கொல்லும், ஏரி அல்ல. பிரஷ்லெஸ் மோட்டாரின் சுருள் வயர்களில் எனாமல் பூச்சு இருப்பதால் நல்ல தண்ணீர் பட்டால் ஒன்றும் ஆகாது. துருப்பிடிப்பது பேரிங்தான். தண்ணீரை ஊதி வெளியேற்றி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டுக் கையால் சுழற்றுங்கள். ப்ரொப்பெல்லரின் முன்விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள்; வேகமாகச் சுழலும்போது படும் நீர்த்துளிகள் அதை அரித்துச் சொரசொரப்பாக்கும்.

கடலிலோ உப்பங்கழியிலோ பறக்கவிடலாமா?

விடலாம், ஆனால் வேலை இரட்டிப்பு. கரைக்கு வந்த கையோடு, உப்பு காயும் முன், பாட்டிலில் கொண்டுபோன நல்ல தண்ணீரால் மோட்டார், இழுகம்பி, கீல் எல்லாவற்றையும் கழுவ வேண்டும். உள்ளே உப்புத்தண்ணீர் போயிருந்தால் உள்ளேயும்தான். அந்தச் சிரமத்துக்குத் தயாராக இல்லாதவர்கள் ஏரியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நனைந்த லிப்போவை மறுபடி சார்ஜ் செய்யலாமா?

நல்ல தண்ணீரில் ஒரு கணம் நனைந்தது என்றால் துடைத்து, ப்ளக்குகளை உலர்த்தி, செல்களின் வோல்ட்டேஜ் சமமாக இருக்கிறதா, உப்பல் இருக்கிறதா என்று பார்த்த பிறகு. உப்புத்தண்ணீரில் ஊறியதைச் சார்ஜ் செய்யாதீர்கள். வெளியே எரியாத இடத்தில் தனியாக வைத்து, மின்கழிவாகக் கொடுத்துவிடுங்கள். நல்ல பேட்டரியை அடுத்த வாரம்வரை வைப்பதானால் செல்லுக்கு 3.8 வோல்ட். டைமர் வைக்கும்போது கரையிலிருந்து போய்த் திரும்பும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பறப்பதற்கு மட்டும் கணக்கு வைத்தவர்களின் விமானம் ஏரி நடுவில் நிற்கும்.

அப்படி நின்றுவிட்டால்?

நீந்திப் போகாதீர்கள். பாசியும் ஆகாயத்தாமரையும் சேறும் உள்ள ஏரியில் நல்ல நீச்சல்காரரும் மாட்டிக்கொள்வார். ஃபோம் விமானம் மூழ்காது. காற்று அதை ஏதாவது ஒரு கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். அவசரமென்றால் தூண்டில் கழியின் கனமான நரம்பில் டென்னிஸ் பந்தைக் கட்டி விமானத்தைத் தாண்டி வீசி, மெல்லச் சுற்றி இழுக்கலாம். பரிசல்காரர் இருக்கும் ஏரி என்றால் அவரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது இன்னும் நல்லது.

எந்த ஏரியில் வேண்டுமானாலும் பறக்கவிடலாமா?

இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள் மாடல் விமானங்களுக்கும் பொருந்தும். கல்வி, ஆராய்ச்சி, பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோ வரையான மாடல்களை அவை தனி வகையாகச் சொல்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் மண்டலத்தில் 400 அடி வரை முன்அனுமதி தேவையில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரைதான். இலங்கை, சிங்கப்பூர், மலேசிய வாசகர்கள் தங்கள் நாட்டு விதியைப் பாருங்கள். செங்குன்றம் போன்ற குடிநீர் ஏரிகளையும், வேடந்தாங்கல் போன்ற பறவைச் சரணாலயங்களையும் விட்டுவிடுங்கள். மீன் குத்தகைக்கு விட்ட ஏரியில் குத்தகைக்காரரைக் கேட்காமல் இறக்கினால் வாய்ச்சண்டைதான் மிஞ்சும்.

ஃபோமில் பள்ளம் விழுந்துவிட்டது. மாற்ற வேண்டுமா?

ஈபிஓவில் விழுந்த சின்னப் பள்ளத்தின் மேல் சூடான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் ஃபோம் உப்பி மேலே வரும். ஸ்டிக்கர் இருந்தால் முதலில் உரித்துவிடுங்கள். ஒரே இடத்தில் அதிக நேரம் ஊற்றினால் புள்ளி புள்ளியாகப் பொங்கிவிடும். படியின் விளிம்பு நசுங்கியிருந்தால் மட்டும் இந்த வைத்தியம் போதாது. நசுங்கிய பகுதியை வெட்டி எடுத்து, மெல்லிய பிளாஸ்டிக் அட்டைப் பட்டையை விளிம்போடு நேராக எபாக்ஸியில் ஒட்டி, மறுபடி தொட்டியில் டிஷ்யூ பேப்பர் சோதனை செய்துவிட்டு ஏரிக்குக் கொண்டுபோங்கள்.